மூணு மில்லிசெகண்ட்

பிப்ரவரி 2, திங்கள்

உரக்கடையில குடுத்த டைரி. பக்கத்துக்குப் பக்கம் பூச்சிமருந்து விளம்பரம். ஒரு மாசமா டிவி மேல கிடந்துச்சு, இன்னைக்கு எடுத்து எழுதுதேன். காரணம்னு ஒண்ணும் இல்லை.

மிக்ஸி ஜார் அடியில ஒழுகுது. சட்னி பாதி ஜார்ல, பாதி மேடையில. வீட்டுக்காரர்கிட்ட கடையில குடுத்துட்டு வாங்கன்னு மூணு நாளா சொல்லுதேன். தலையை ஆட்டுறதோட சரி.

பஸ்ல எஸ்தரக்கா இடம் போட்டு வச்சிருந்தாங்க. புதுக் கண்ணாடி போட்டிருக்காங்க. நான் ஒண்ணும் கேக்கலை. மேல்முறையீட்டு விசாரணை இருபத்தேழாம் தேதியாம், கடுதாசி வந்துட்டாம்.

பின்னாடி படிச்சா எனக்கே புரியணும், அதனால எழுதி வைக்கேன். எஸ்தரக்கா எங்க பல்கலைக்கழகத்துல வரலாற்றுக்குக் கௌரவ விரிவுரையாளர். பதினாறு வருஷமா ஜூன் வந்தா ஒப்பந்தம் புதுப்பிப்பாங்க. எல்லாம் அந்த ஜூனை நம்பித்தான். விடைத்தாளை ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர் திரையிலதான் திருத்துவாங்க. நவம்பர் 21 விடைத்தாள் திருத்தும் முகாம்ல அவங்க நாப்பத்துமூணு பக்கத்துக்கு "வெற்றுப் பக்கம்"னு பட்டனை அமுக்கி சைபர் போட்டுட்டாங்க. டிசம்பர்ல ஒரு பையன் பணம் கட்டி நகல் வாங்கிப் பாத்தான். பக்கம் முழுக்க எழுத்து. விசாரணை, மூணு வருஷம் திருத்தத் தடை. தடை இருக்கிறவங்களுக்கு ஜூன்ல புதுப்பிக்க மாட்டாங்க.

அக்கா அன்னைலேர்ந்து ஒண்ணைத்தான் சொல்லுதாங்க. பக்கம் வெள்ளையாத்தான் வந்துச்சாம். எங்க கம்ப்யூட்டர் பிரிவுலேர்ந்து, படம் வர்றதுல எந்தத் தடங்கலும் இல்லைன்னு அறிக்கை போச்சு.

டிசம்பர் 16 காலையில பஸ்ல என்கிட்டயும் கேட்டாங்க, "ஏட்டி கோமு, உள்ள போய் ஒரு தடவ பாத்துரேன்"னு. சாயங்காலம் சொன்னேன், பாத்தேன்க்கா, ஒண்ணும் இல்லைன்னு. பாத்துட்டுத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மாதாந்திர மின்தடை. ஒம்பதுலேர்ந்து நாலு வரைக்கும். இத்தனை மாசம் தாங்குன யூபிஎஸ் பேட்டரி இந்தத் தடவை பதினொன்றரைக்கே மண்டையைப் போட்டுட்டு. புது பேட்டரி கேட்டு எழுதின கடுதாசி எந்த மேசையில தூங்குதோ.

பிப்ரவரி 4, புதன்

காலையில வந்து சர்வரை எழுப்புனேன். பதினாலு மாசத்துல இப்பதான் முதல் தடவை அணைஞ்சு எழும்புது.

பதினொன்னே காலுக்கு நவநீதன் சார் கூப்பிட்டாரு. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், மே மாசம் ஓய்வு. அவர் அறைச் சுவத்துல ஒரு டிவி. அதுல நான் எழுதின 'காவல்'ங்கிற நிரல் ஓடும். விடைத்தாள் படமெல்லாம் ஒரே சர்வர்லதான் இருக்கு. திருத்துற ஹால்ல நாப்பது கம்ப்யூட்டர், ஒவ்வொரு பக்கமும் நெட்வொர்க் வழியா அங்கேர்ந்துதான் வரணும். எவ்வளவு நேரத்துல வருதுன்னு பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா காவல் ஒரு எண்ணைக் காட்டும். மூணு மில்லிசெகண்ட், பச்சை. பதினாலு மாசமா அதே மூணு, அதே பச்சை.

இன்னைக்கு பதினொண்ணு. சிவப்பு.

"என்னம்மா இது, ரத்தம் மாதிரி? துணைவேந்தர் வர்ற இடம். உன் டிவிக்கு என்னமோ ஆயிட்டு, சரி பண்ணு."

டிவிக்குக் காய்ச்சல் வந்த மாதிரி பேசுதாரு. சரி சார்னு வந்தேன். மத்தியானம் பாத்தா ஒம்பது. ரெண்டு மணிக்கு ஏழு. நாலு மணிக்கு அஞ்சு. நிசமான கோளாறு இப்படி ஒழுங்கு மரியாதையா படி இறங்கி வராது.

பிப்ரவரி 5, வியாழன்

கண்டுபிடிச்சுட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

காவல் கடைசி பத்து நிமிஷத்தோட சராசரியைக் காட்டலை. சர்வர் இணைஞ்ச நாள்லேர்ந்து இன்னைக்கு வரைக்குமான சராசரியைக் காட்டிக்கிட்டு இருந்திருக்கு. பள்ளிக்கூடம் திறந்த நாள்லேர்ந்து வருகைச் சராசரி தொண்ணூத்தாறு சதவீதம்னு வாசல்ல எழுதி வச்ச மாதிரி. இன்னைக்கு ஒரு பிள்ளை வராட்டியும் நாளைக்கும் தொண்ணூத்தாறுதான் இருக்கும். படத்தைத் துண்டு துண்டா தொண்ணூறு கோடி தடவை எடுத்துக் குடுத்த சர்வர்ல, ஒரு மணி நேரம் எல்லாமே செத்துக் கிடந்தாலும் மூணு மூணாத்தான் நிக்கும். நேத்து சர்வர் புதுசா எழும்புனதால பழைய கூட்டல் அழிஞ்சு போச்சு. அதனாலதான் முதல் தடவையா உண்மை கொஞ்சம் எட்டிப் பாத்திருக்கு.

முந்தின அளவைக் கழிச்சுட்டு வகுக்கணும். ஒரே ஒரு கழித்தல். நாலாங்கிளாஸ் பிள்ளை செய்யும். எம்.சி.ஏ. படிச்ச எருமைக்குத் தெரியலை.

அப்படின்னா பதினோரு மணிக்கு நிசமாவே என்னமோ நடக்குது. நாளைக்குப் பாக்கணும்.

பிப்ரவரி 6, வெள்ளி

பதினோரு மணிக்கு ஹால்ல மணி அடிப்பாங்க. உளுந்தவடையும் டீயும். வடை முதல் ஈட்டுலயே தீந்துரும், அதனால நாப்பது பேராசிரியரும் ஓட்டப்பந்தயம் மாதிரி எந்திரிச்சு ஓடுவாங்க. ஹால் காலி.

நான் போய் ஒரு மூலைக் கம்ப்யூட்டர்ல உக்காந்தேன். பழைய பயிற்சி விடைத்தாளைத் திறந்தேன். முதல் பக்கம் வந்துச்சு. ரெண்டாம் பக்கம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. இருபது செகண்ட் கழிச்சு வெள்ளை. பளிச்சுன்னு வெள்ளை. தப்புன்னு ஒரு வார்த்தை வரலை. கீழே பட்டன்: வெற்றுப் பக்கம். அமுக்காம அடுத்த பக்கம் போக முடியாது. மூணாவதும் வெள்ளை. நாலாவது வந்துச்சு. அஞ்சாவது வெள்ளை.

சர்வர்ல எந்த வேலை எந்த நேரத்துக்கு ஓடுதுங்கிற பட்டியலைத் திறந்தேன்.

பதினோரு மணிக்கு பேக்கப் ஓடுது. மொத்தப் படத்தையும் இன்னொரு பெட்டிக்குப் பிரதி எடுக்கிற வேலை. பதினொன்றரை வரைக்கும் சர்வரை நெரிச்சு எடுத்துரும். அந்த நேரத்துல வச்சது யாரு? நான்தான். டீ நேரம், ஹால்ல ஆளே இருக்க மாட்டாங்க, யாருக்கும் இடைஞ்சல் இல்லைன்னு புத்திசாலித்தனமா வச்சேன். அதுக்கு அப்ப பாராட்டுகூட கிடைச்சுது.

எஸ்தரக்கா வெள்ளிக்கிழமை உபவாசம். தண்ணிகூட குடிக்க மாட்டாங்க. நவம்பர் 21 வெள்ளிக்கிழமை. வடைக்குப் போகாம உக்காந்து திருத்தியிருக்காங்க. அன்னைக்கு வேற யாருக்கும் வெள்ளை வரலை, அதனால வேற சாட்சியும் இல்லை.

பிப்ரவரி 7, சனி

மிக்ஸி ஜாரைத் தூக்கிக்கிட்டு நானே போனேன். ஜார் அடியில இருக்கிற புஷ் தேஞ்சு போயிட்டாம். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னான்.

பிப்ரவரி 9, திங்கள்

பஸ்ல அக்கா பக்கத்துல உக்காந்திருந்தேன். சொல்லலை. கையில ஒண்ணு இருக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு. வெறும் வாயால சொல்லி ஆசை காட்டக்கூடாதுல்ல.

காலையில மனசு லேசா இருந்துச்சு. ஏன்னா ஒரு வழி தோணிட்டு. மொத்தச் சராசரியையும் மொத்த எண்ணிக்கையையும் பெருக்குனா மொத்த நேரம் வரும். பதினோரு மணிக்கு ஒரு மொத்தம், பதினொன்னு பத்துக்கு ஒரு மொத்தம். கழிச்சா அந்தப் பத்து நிமிஷத்துல என்ன நடந்துச்சுன்னு வந்துரும். காவல் பழைய எண்ணையெல்லாம் சேத்து வச்சிருக்கு. நவம்பர் 21-ஐ எடுத்தேன்.

10.50 - 3. 11.00 - 3. 11.10 - 3. 11.20 - 3.

புள்ளிக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லை. அறுத்துப் போட்டிருக்கு. எந்த ரெண்டைக் கழிச்சாலும் மூணுதான் வருது.

அறுத்ததும் நான்தான். ஆரம்பத்துல 2.87, 3.12ன்னு எண் ஆடிக்கிட்டே இருக்கும். நவநீதன் சார், "பாக்கிறதுக்குப் படபடன்னு வருதும்மா, ஒரே நம்பரா நிக்கட்டும்"னாரு. காட்டும்போது மட்டும் முழு எண்ணாக்கியிருந்தா போதும். நான் சேமிக்கும்போதே முழு எண்ணாக்கிட்டேன். சோம்பேறித்தனம், வேற என்ன.

எண்ணிக்கை மட்டும் இருக்கு. அந்த இருபது நிமிஷமும் ரொம்பக் குறைவு. டீ நேரம், குறைவாத்தானே இருக்கும்பாங்க.

பிப்ரவரி 10, செவ்வாய்

மிக்ஸி ஜார் வந்துட்டு. இன்னும் ஒழுகுது.

இன்னொரு இடம் உண்டு. சர்வர் பதில் சொல்லாத ஒவ்வொரு தடவையும் ஹால் கம்ப்யூட்டர் தன் லாக்ல, அதான் பதிவுக் கோப்புல, ஒரு வரி எழுதும், தேதி, மணி, செகண்டோட. நாப்பத்துமூணு வரி இருந்திருக்கும். இதைவிட சாட்சி வேண்டாம். ஆனா நாலு வாரம்தான் வச்சிருக்கும், அப்புறம் அழிச்சுரும். நவம்பர் 21-லேர்ந்து நாலு வாரம்னா டிசம்பர் 19.

அக்கா கேட்டது டிசம்பர் 16.

டிவியைப் பாக்கிறதும் பாக்கிறதுதான். அதுக்குத்தானே அதை எழுதுனது. ஒவ்வொரு தடவையும் லாக்கைத் தோண்டிக்கிட்டிருந்தா வேற வேலை பாக்க முடியாது.

பிப்ரவரி 12, வியாழன்

காவலைத் திருத்திட்டேன். மொத்தம் பதினோரு வரி மாத்தம். காலையில 3. பதினொன்னு பத்துக்கு 6,140. அப்படி ஒரு எண்ணை அந்த டிவி பாத்ததே இல்லை. பதினொன்றரைக்கு மறுபடி 3. இதுதான் உண்மை.

நவநீதன் சார்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கதவைச் சாத்தச் சொல்லிட்டு முழுசாக் கேட்டாரு. நடுவுல கத்தலை. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"முதல்ல அந்த பேக்கப்பை விடியக்காலைக்கு மாத்து. இன்னைக்கே."

"மாத்திருதேன் சார். எஸ்தர் மேடம் விசாரணைக்கு..."

"நவம்பர் 21 அன்னைக்கு இப்படி ஆச்சுன்னு எதுல இருக்கு?"

"இப்ப வேணா பதினோரு மணிக்கு பேக்கப்பை ஓட்டி கமிட்டிக்குக் காட்டலாம் சார். அப்படியே வெள்ளையா வரும்."

"நீ வேணும்னே நெரிச்சுக் காட்டுனா வெள்ளையாத்தான் வரும். அன்னைக்கு வந்துச்சுன்னு எங்க இருக்கு? எந்தத் தடங்கலும் இல்லைன்னு கீழே கையெழுத்துப் போட்டது யாரு கோமதி?"

நான்தான். டிசம்பர் 17. அறிக்கை "பிரிவுலேர்ந்து போச்சு"ன்னு முன்னாடி எழுதியிருக்கேன். பிரிவுன்னா நான் ஒருத்திதான்.

அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாரு. "யோசிச்சுப் பாரு. பதினாலு மாசம். ஒம்பதாயிரம் பிள்ளைக மார்க்கு. பட்டம் குடுத்தாச்சு, வேலைக்குப் போயிட்டுதுக. டீ நேரத்துல யாரு யாரு உக்காந்து திருத்துனான்னு இனி எங்க போய்த் தேட? ஒருத்தருக்காக இதைத் திறந்தா மூட முடியாதும்மா. எனக்கும் அந்தம்மா மேல வருத்தம்தான்."

அந்த ஒம்பதாயிரத்தை நான் நினைச்சே பாக்கலை. அவர் சொன்ன பிறகு நினைக்காம இருக்க முடியலை. அதுல எத்தனை பேருக்கு வெள்ளைப் பக்கமோ. நகல் கேக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் கேட்டான். மத்தவங்க நமக்கு அவ்வளவுதான் மூளைன்னு போயிருப்பாங்க.

பிப்ரவரி 13, வெள்ளி

பேக்கப் இனி காலை நாலு மணிக்கு. பதினோரு மணிக்கு டிவி: 3. பச்சை. நவநீதன் சார் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுனாரு.

பிப்ரவரி 17, செவ்வாய்

கடுதாசி எழுதுனேன். மேல்முறையீட்டுக் குழுவுக்கு, என் பேருல. நிரல் பிழை, பேக்கப் நேரம், என் டிசம்பர் அறிக்கை தப்பு, எல்லாம். மூணு தடவை கிழிச்சு நாலாவது தடவை முழுசா வந்துச்சு. வீட்டுல அவர் படிச்சுட்டு, "வேலை போயிராதா?"ன்னாரு. போகும்னா போகட்டும்னேன். பெருசா வீராப்பு. சோறு இறங்கலை.

பிப்ரவரி 18, புதன்

பதிவாளர் அலுவலகத்துல குடுத்து முத்திரை வாங்கிட்டேன். நவநீதன் சார் வராண்டாவுல பாத்தும் பாக்காத மாதிரி போனாரு.

பஸ்ல அக்காகிட்ட சொல்லிரலாம்னு வாயைத் திறந்தேன். அவங்க ஜன்னல்ல சாஞ்சு தூங்கிட்டாங்க. கண்ணாடியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு.

பிப்ரவரி 23, திங்கள்

கடுதாசி திரும்பி வந்துட்டு. "தொடர்புடைய தேதிக்கான கணினிப் பதிவை இணைத்துச் சமர்ப்பிக்கவும்."

நவம்பர் 21-ஐ அச்செடுத்தேன். மேலேர்ந்து கீழே வரைக்கும் மூணு. இந்த மூணு பொய்ங்கிறதுக்கு ஆதாரமா இந்த மூணையே இணைக்கணும். படிக்கிறவன் சிரிப்பான்.

ஒரு நினைப்பு வந்துச்சு, மறைக்காம எழுதுதேன். 11.00, 11.10, 11.20. இந்த மூணு இடத்துல எண்ணை மாத்த எனக்கு ஒரு நிமிஷம் போதும். நடந்ததுதான் அது. நடந்ததை எழுதுறது பொய்யான்னு கோப்பைத் திறந்து வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். என்ன எண்ணைப் போட? ஆறாயிரமா, ஏழாயிரமா? தெரியலை. தெரியாத எண்ணை எழுதித்தானே இவ்வளவும் வந்துச்சு. மூடிட்டேன்.

அந்த அச்சையே இணைச்சு, விளக்கம் எழுதித் திரும்பக் குடுத்தேன்.

பிப்ரவரி 25, புதன்

பதில் இல்லை. அக்கா ரெண்டு நாளா பஸ்ல வரலை. தண்ணி லாரியும் வரலை.

பிப்ரவரி 26, வியாழன்

அரைநாள் லீவு போட்டுட்டு எஸ்தரக்கா வீட்டுக்குப் போனேன். துணி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

"வாட்டி. நானே போன் போடணும்னு இருந்தேன். செவ்வாக்கிழமை கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எதுலக்கா?"

"கவனக்குறைவால் நேர்ந்த பிழை, ஒப்புக்கொள்கிறேன்னு. நவநீதன் சார் கூப்பிட்டு விட்டிருந்தாரு. போட்டா தடையை ஒரு வருஷமாக் குறைப்பாங்களாம். நாளைக்கு விசாரணை கிடையாது."

"ஒரு வருஷம்னா இந்த ஜூன்ல?"

"இந்த ஜூன்ல இல்லதான். அடுத்த ஜூன் பாப்போம். பதினாறு வருஷம் பாத்த பொம்பளைய அப்படியா மறந்துருவாங்க."

மறந்துருவாங்க. ரெண்டு பேருக்கும் தெரியும்.

அப்பதான் சொன்னேன். காவல் தப்பு, சராசரி தப்பு, பேக்கப் நேரம் நான் வச்சது, எல்லாம் சொன்னேன். அழுதுட்டேன். அக்கா கையில இருந்த துணியை மடிச்சு முடிச்சு வச்சாங்க.

"அப்போ வெள்ளையாத்தான் வந்துச்சா?"

"ஆமாக்கா."

"நிசமா வெள்ளையாத்தான்?"

"சத்தியமா வெள்ளையாத்தான்க்கா."

கண்ணாடியைக் கழட்டிச் சேலையில துடைச்சாங்க. துடைச்சுக்கிட்டே இருந்தாங்க.

"கண்ணு டாக்டர் பவர் ஒண்ணும் பெருசா இல்லைம்மான்னுதான் சொன்னாரு. நான்தான் இல்ல டாக்டர், எழுத்து இருக்கிறது எனக்கு வெள்ளையாத் தெரியுதுன்னு சண்டை போட்டு வாங்குனேன். நீ பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு சொன்ன அன்னைக்குத்தான் எனக்கே சந்தேகம் வந்துச்சு. கோமு உள்ள போய்ப் பாத்திருக்கா, அவ என்கிட்ட எதுக்குப் பொய் சொல்லப்போறா, அப்போ என் கண்ணுலதான் கோளாறுன்னு. கையெழுத்தும் அதை நினைச்சுத்தான் போட்டேன்."

நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஒரு துணியை எடுத்து மடிச்சேன்.

"அழாதட்டி. மிஷினே பொய் சொன்னா நீ என்ன செய்வ? அத்தனை பேருல எனக்காக ஒரு தடவை உள்ள போய்ப் பாத்தது நீ ஒருத்திதான். அது போதும் எனக்கு."

டீ போட்டுக் குடுத்தாங்க. குடிச்சுட்டு வந்தேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

என் கடுதாசிக்குப் பதில் வந்துச்சு. மேல்முறையீடு திரும்பப் பெறப்பட்டதால் மேல் நடவடிக்கை தேவையில்லை. எனக்கு மெமோகூட இல்லை. ஒண்ணுமே இல்லை.

மார்ச் 2, திங்கள்

பதினோரு மணி. டிவி: 3. பச்சை. இது சரியான மூணு. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா கழிச்சு, வகுத்து, நாலு இலக்கம் வரைக்கும் சேமிச்ச மூணு. பழைய தப்பான மூணும் இதே மாதிரிதான் இருந்துச்சு. சுவத்துல பாக்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நவநீதன் சார், "பாத்தியா, பழையபடி ஆயிட்டு"ன்னு சந்தோஷப்பட்டாரு.

பஸ்ல பக்கத்து இடத்துல ஒரு அம்மா கத்திரிக்காய்ப் பையோட உக்காந்துச்சு.

பிப்ரவரி 2-ஆம் தேதிப் பக்கத்துல "பாத்துட்டுத்தான் சொன்னேன்"னு எழுதியிருக்கேன். அதை இப்ப அடிச்சுட்டேன். நான் பாக்கலை. லாக்கைத் திறக்கலை. அன்னைக்கு டிவியைக்கூட நிமிந்து பாக்கலை, எப்பவும் மூணுதானேன்னு. திறந்து பாக்க அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். டிசம்பர் 16, சாயங்காலம் நாலே முக்கால், அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்னு கிளம்பிட்டேன். ஓடிப்போய் ஏறுனேன். கூட்டம். எஸ்தரக்கா எனக்கு இடம் போட்டு வச்சிருந்தாங்க.